எடை அட்டவணையை வைத்து ட்ரையத்லானுக்குத் தயாராக முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ட்ரையத்லானைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை, பெங்களூரில் இந்த விளையாட்டுக்குப் பயிற்சி கொடுக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து படித்தோம். வேலைக்குப் போய்க்கொண்டே போட்டிக்குத் தயாராகும் ஆண்களுக்காகவும் பெண்களுக்காகவும் ஒரு தமிழ் நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த எடை அட்டவணையைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. சென்டிமீட்டரில் உயரத்தை எடுத்துக்கொண்டு, ஆண் என்றால் 100-ஐயும் பெண் என்றால் 105-ஐயும் கழித்தால் வருவதுதான் போட்டிக்கு ஏற்ற எடை என்று அதில் இருந்தது. அதன்படி 158 செ.மீ. உயரமுள்ள பெண் 53 கிலோவுக்கு வந்தாக வேண்டும். 58 கிலோ இருக்கும் ஒருவர் அதைப் படித்துவிட்டு இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால், அவர் போட்டியில் எடுத்துக்கொள்ளும் நேரம் குறைவதைவிடக் கூடுவதற்கே வாய்ப்பு அதிகம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எடை எங்கே கணக்கில் வருகிறது, எங்கே வருவதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். ஒலிம்பிக் தூரம் என்று சொல்லப்படும் போட்டியில் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். தண்ணீருக்குள் உடலின் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. அங்கே ஆளைப் பிடித்து இழுப்பது, தொங்கும் காலும் தூக்கிய தலையும்தான். சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சைக்கிள் மிதிப்பவர் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு காற்றைத் தள்ளவே போய்விடுகிறது. அங்கே 2 கிலோ குறைப்பதைவிட முழங்கையை மடக்கி, தலையைத் தாழ்த்தி, படபடக்காத சட்டை போட்டுக்கொள்வது அதிகம் உதவும். பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள நந்தி மலை ஏற்றத்தில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு கிலோவும் தெரியும். ஓட்டத்திலும் அப்படித்தான். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1 கிலோகலோரி செலவாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ளவர் 10 கி.மீ. தூரத்தை 60 நிமிடத்தில் ஓடுகிறார். தசை கொஞ்சமும் கரையாமல் கொழுப்பில் மட்டும் 2 கிலோ குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், எடையில் அது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. எல்லாம் கூடிவந்தால் ஓட்டத்தில் ஒன்றே முக்கால் நிமிடம் மிச்சமாகும். அதே ஆள் 100 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் நீந்துகிறார் என்றால், காலைத் தொங்கவிடாமல் நீந்தக் கற்று அதை 2 நிமிடம் 15 விநாடிக்குக் கொண்டுவந்தாலே 1,500 மீட்டரில் 3 நிமிடம் 45 விநாடி மிச்சம். இதற்கு ஒரு வேளைச் சாப்பாட்டையும் விட வேண்டியதில்லை. நீச்சல் தெரிந்தவர் ஒருவர் குளக்கரையில் நின்று ஆறு வாரம் திருத்தினால் போதும்.

இப்படிச் சொல்வதால் ஆண்களுக்கு வயிற்றுக் கொழுப்பு ஒரு பொருட்டே இல்லை என்று ஆகிவிடாது. அயர்ன்மேன் என்ற மிக நீண்ட தூர ட்ரையத்லானின் சுவிட்சர்லாந்துப் போட்டியில் கலந்துகொண்ட பொழுதுபோக்கு வீரர்களை அளந்து பார்த்த ஆய்வு ஒன்றில், ஆண்களிடம் உடல் கொழுப்பு விகிதம் கூடக்கூடப் போட்டி நேரமும் கூடியது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தார்கள் என்பதற்கும் நேரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. பெண்களிடம் இது தலைகீழாக இருந்தது. கொழுப்பு விகிதம் எதையும் சொல்லவில்லை, வாரப் பயிற்சி நேரம்தான் சொன்னது. அளக்கப்பட்ட குழு சிறியது, அதில் பெண்கள் இன்னும் குறைவு. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அறிவுரையை 5 கிலோ வித்தியாசத்தில் அச்சிடுவது தவறு என்று காட்ட அது போதும்.

நம் ஆண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தெற்காசிய உடலில், ஒரே உயர-எடை விகிதத்துக்கு ஐரோப்பியர்களைவிடக் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருக்கும். அட்டவணைப்படி சரியாக இருக்கும் மென்பொருள் ஊழியருக்குக் கை கால் மெலிந்து, இடுப்பைச் சுற்றி மட்டும் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். அவர் எடையைப் பார்ப்பதைவிட இடுப்பளவைப் பார்ப்பது நல்லது. ஆக்சிஜன் கணக்கில் இதன் பலன் நேரடியாகத் தெரியும். நிமிடத்துக்கு 3.5 லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தக்கூடிய ஒருவர் 74 கிலோ இருக்கும்போது அவருடைய வி.ஓ.2 மேக்ஸ், அதாவது உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு, கிலோவுக்கு 47 மில்லிலிட்டர். 4 கிலோ கொழுப்பு போனால் அது 50. இதயமும் நுரையீரலும் மாறவே இல்லை, சுமை மட்டும் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த 4 கிலோவில் பாதி தொடைத் தசையாகப் போயிருந்தால் 3.5 லிட்டரே நிற்காது.

எனவே அளவெடுக்கும் முறை முக்கியம். ஜிம்மில் காலை வைத்து நிற்கும் மின்தராசு கொழுப்பை அளப்பதில்லை. உடலுக்குள் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, நீரின் அளவிலிருந்து ஊகிக்கிறது. காலையில் ஓடி வியர்த்துவிட்டு ஏறினால் ஒரு எண், மாலையில் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் வேறொரு எண். தோல்மடிப்பை இடுக்கியால் பிடித்து அளக்கும் பழைய முறையே மேல். மார்பு, அக்குளுக்குக் கீழ், மேற்கையின் பின்புறம், தோள்பட்டை எலும்புக்குக் கீழ், வயிறு, இடுப்பெலும்புக்கு மேல், தொடை என ஏழு இடங்கள். எப்போதும் வலப்பக்கம், எப்போதும் அதே ஆள் அளக்க வேண்டும், பயிற்சிக்கு முன்பே அளக்க வேண்டும். வந்த மில்லிமீட்டர்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையையே எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஒப்பிடலாம். அதை விழுக்காடாக மாற்றும் சூத்திரங்கள் நம் ஊர் உடல்களை வைத்து எழுதப்பட்டவை அல்ல; மாற்றப் போனால் பிழைதான் கூடும்.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். ஹவாய் அயர்ன்மேனின் முன்னணியினரைப் பார்த்தால் ஆண்-பெண் இடைவெளி நீச்சலில் சுமார் 10 விழுக்காடு, சைக்கிளிலும் ஓட்டத்திலும் 13 விழுக்காட்டுக்கு அருகில். நீரில் இடைவெளி குறைவதற்கு, பெண்களின் இடுப்பிலும் தொடையிலும் உள்ள கொழுப்பு காலை மிதக்க வைப்பதும் ஒரு காரணம். அந்தக் கொழுப்பைத்தான் உங்கள் அட்டவணை முதலில் குறைக்கச் சொல்கிறது.

பெண்களுக்குப் பயிற்சி நேரம்தான் முதல் காரணி என்றால், அந்த நேரம் எங்கிருந்து வரும் என்பதையும் பேசியாக வேண்டும். வாரத்துக்கு 4 மணி நேரம் கிடைக்கும் பெண்ணுக்கு 6 மணி நேரம் கிடைப்பது, காலை டிபனை யார் செய்கிறார்கள், பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் யார் ஏற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதை உடற்காரணி இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் கண்ணுக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியதாகத் தெரிகிறது. 6 மணி நேரம் கிடைத்தால் ஒலிம்பிக் தூரத்துக்குத் தாராளம். நீச்சல் 45 நிமிடம் இரண்டு முறை, வார நாளில் ஒரு மணி நேரம் சைக்கிள், ஞாயிறு ஒன்றரை மணி நேரம் சைக்கிள், இறங்கியவுடன் 20 நிமிட ஓட்டம், தனியாக 40, 30 நிமிடங்களில் இரண்டு ஓட்டம், அரை மணி நேரம் எடைப்பயிற்சி. அந்த ஞாயிறு ஓட்டத்தை யாரும் விடக் கூடாது. சைக்கிளிலிருந்து இறங்கிய முதல் ஒரு கிலோமீட்டரில் கால் தன்னுடையதாகவே இருக்காது. அதைப் போட்டியன்று முதல்முறை சந்திப்பவர்கள் அங்கேயே பதறிப்போகிறார்கள்.

அடுத்தது இரத்தம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆண்களில் அது 25 விழுக்காடு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 13 உள்ளவரின் 100 மில்லிலிட்டர் இரத்தம் 17.4 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமந்தால், 11 உள்ளவருக்கு அது 14.7. ஆறில் ஒரு பங்குக்கு அருகில் போய்விட்டது. எத்தனை கிலோ குறைத்தாலும் இதை ஈடுகட்ட முடியாது. ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, பயிற்சி செய்யச் செய்ய நேரம் மோசமாகிறது என்று ஒரு பெண் சொன்னால் தராசைக் காட்டாமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அந்தப் பரிசோதனையிலும் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். தாங்குதிறன் பயிற்சியால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். செல்கள் குறையாமலே எண் கொஞ்சம் இறங்கும். இன்னொரு பக்கம், இரும்புச் சேமிப்பு காலியான பிறகும் ஹீமோகுளோபின் சில மாதம் நல்லபடியாகவே காட்டும். சேமிப்பைச் சொல்வது ஃபெரிட்டின். பல பரிசோதனைக் கூடங்கள் 10 அல்லது 15 வரை இறங்கினாலும் இயல்பு என்று அச்சிடுகின்றன; விளையாட்டு மருத்துவர்கள் 30-க்குக் கீழ் போனாலே கவனிக்கத் தொடங்குவார்கள். காய்ச்சல் வந்த வாரத்திலோ கடும் போட்டி முடிந்த ஓரிரு நாளிலோ ஃபெரிட்டின் எடுக்காதீர்கள், வீக்கத்தால் அது பொய்யாக உயர்ந்து நிற்கும். ஃபெரிட்டின் நன்றாக இருந்தும் ஹீமோகுளோபின் குறைந்து, சிவப்பணுக்கள் சிறுத்திருந்தால் பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடான தலசீமியாவின் கூறு இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அவர்கள் தாமாக இரும்பு மாத்திரை வாங்கி விழுங்குவது ஆபத்து.

சாப்பாட்டில் செய்யக்கூடியது நம் வீடுகளில் ஒன்று உண்டு. டிபனோடு சேர்த்துக் குடிக்கும் ஃபில்டர் காபி, அந்த டிபனில் உள்ள இரும்பு உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். டிபன் வேளையிலிருந்து நன்றாகத் தள்ளிக் குடியுங்கள். இந்த ஊரில் கேழ்வரகுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தால் அது குறைகிறது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருக்கட்டும். கடும் பயிற்சி முடிந்து மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து இரும்பு சேர்வதைத் தடுக்கும். மாத்திரை எடுப்பவர்கள் எந்த வேளையில் எடுப்பது, தினமுமா ஒருநாள் விட்டு ஒருநாளா என்பதை மருத்துவரிடம் இதைச் சொல்லியே கேளுங்கள்.

உங்கள் அட்டவணை செய்யக்கூடிய பெரிய கேடு இனிமேல்தான். 55 கிலோ எடை, 25 விழுக்காடு கொழுப்பு உள்ள பெண்ணுக்குக் கொழுப்பு நீக்கிய எடை சுமார் 41 கிலோ. அவர் ஒரு நாளில் 1,700 கிலோகலோரி சாப்பிட்டு 600 கிலோகலோரியைப் பயிற்சியில் செலவிட்டால் மீதி 1,100. அதை 41-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 27. இது 30-க்குக் கீழே நாள்கணக்கில் நின்றால் ஹார்மோன்கள் தடுமாறத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லாருக்கும் அதே எல்லை என்றில்லை, சிலருக்கு முன்பே தொடங்கும். 45 கிடைக்க வேண்டும் என்றால் அந்த நாளில் அவர் சாப்பிட வேண்டியது ஏறக்குறைய 2,450. இந்தப் பற்றாக்குறையை ரெட்-எஸ் என்ற பெயரில் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலேயே எச்சரித்தது. 2018-இலும் 2023-இலும் விரிவுபடுத்தியது. மாதவிடாய் தள்ளிப்போவது, தூக்கம் கெடுவது, ஆறாத சளி, கடைசியில் கணுக்கால் அல்லது முழங்கால் கீழ் எலும்பில் கீறல் என்று வரிசையாக வரும். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால், பயிற்சி நன்றாக நடப்பதன் அடையாளம் என்று சொல்லும் பயிற்சியாளரை விட்டுவிட்டு மகளிர் மருத்துவரிடம் போக வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இரத்தப்போக்கு மாத்திரையால் வருவதால் இந்த அறிகுறி மறைந்துவிடும். ஆண்களுக்கும் இது வரும். அவர்களுக்குப் பாலுணர்வு மங்குவதும் எப்போதும் எரிச்சலாக இருப்பதும் முதல் அடையாளங்கள், யாரும் வெளியே சொல்வதில்லை.

மாதச் சுழற்சியின் கட்டத்துக்கு ஏற்பப் பயிற்சி அட்டவணை விற்பவர்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். அதற்கான ஆதாரம் இன்னும் வலுவாக இல்லை, ஆளுக்கு ஆள் மாறுகிறது. தேதியையும் அன்றைய உடல்நிலையையும் ஒரு நோட்டில் குறித்துவந்தால் மூன்று மாதத்தில் அவரவர் போக்கு தெரிந்துவிடும்.

தராசுக்குப் பதிலாக எதை அளப்பது? மூன்று சோதனைகள் போதும். நீச்சலில், நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 400 மீட்டரை முழு முயற்சியில் நீந்துங்கள், பத்து நிமிடம் இளைப்பாறி 200 மீட்டர். முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பாதியாக்குங்கள். 9 நிமிடம் 20 விநாடி, 4 நிமிடம் 20 விநாடி என்றால் வித்தியாசம் 5 நிமிடம். 100 மீட்டருக்கு 2:30 என்பது நீங்கள் நீண்ட நேரம் தாங்கக்கூடிய வேகம். இதை அடுக்குமாடிக் குடியிருப்பின் 20 மீட்டர் குளத்தில் எடுத்தால் பலன் இல்லை. அங்கே 400 மீட்டருக்கு 19 முறை சுவரை உதைக்கிறீர்கள். 50 மீட்டர் குளத்தில் 7 முறைதான். சுவர் தந்த வேகத்தைத் தன் வேகம் என்று நம்பிக் கடலில் இறங்குபவர் முதல் 300 மீட்டரிலேயே திணறுவார்.

சைக்கிளில் 20 நிமிடம் இடைவிடாமல் மிதித்து, சராசரி வாட்ஸை 0.95-ஆல் பெருக்கினால் எஃப்.டி.பி. வரும், அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய மிதிசக்தி. நகருக்குள் சிக்னலும் வேகத்தடையும் விடாது. நந்தி ஏற்றமோ, வீட்டில் சைக்கிளைப் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ட்ரெயினர் கருவியோதான் வழி. ட்ரெயினரில் எடுத்தால் எதிரே பெரிய மின்விசிறி வேண்டும், இல்லையென்றால் சூடேறியே எண் விழும். இதில் எல்லாரும் செய்யும் பிழை, முதல் 3 நிமிடத்தில் பாய்ந்துவிட்டு 12-ஆவது நிமிடத்தில் செத்துப்போவது. போட்டியிலும் அதே பிழைதான் ஓட்டத்தைக் கெடுக்கிறது. ஒலிம்பிக் தூரத்தில் எஃப்.டி.பி.யின் 85 விழுக்காட்டுக்குப் பக்கத்திலும், 90 கி.மீ. சைக்கிள் உள்ள போட்டியில் 75 விழுக்காட்டுக்குப் பக்கத்திலும் நிற்கப் பழக வேண்டும். ஓட்டத்துக்கு முழு முயற்சியில் 30 நிமிடத் தனி ஓட்டம், அதன் கடைசி 20 நிமிடச் சராசரி இதயத் துடிப்பே நீங்கள் நீண்ட நேரம் தாங்கக்கூடிய எல்லை. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு தவறிப்போகக்கூடியது, அதை வைத்துப் பயிற்சி மண்டலம் பிரிக்காதீர்கள்.

பெங்களூரில் பயிற்சி எடுத்துக் கடற்கரைக்குப் போய்ப் போட்டியிடுபவர்களுக்குத் தனியே ஒன்று. இந்த ஊர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சென்னையில் காற்று தாராளமாகக் கிடைத்துப் பறந்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இரத்தத்தை மாற்றுகிற அளவுக்கு இது உயரம் இல்லை. அதற்கு 2,000 மீட்டராவது வேண்டும். இந்த ஊர்க் குளிர்ச்சியோ பாதகமாகிறது. 2019-இல் தொடங்கிய கோவா அயர்ன்மேன் 70.3 (அயர்ன்மேனில் பாதித் தூரம்) போன்ற போட்டிகளில் 21.1 கி.மீ. ஓட்டம் வெயிலும் ஈரப்பதமும் ஏறிய நேரத்தில் வருகிறது. போட்டிக்கு முந்தைய 10 முதல் 14 நாட்களில், விசிறி இல்லாமல் மூடிய அறையில் 60 நிமிடம் மெதுவாக ட்ரெயினரில் மிதித்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, வியர்வை சீக்கிரம் தொடங்கும். தனியாகச் செய்யாதீர்கள், தலைசுற்றலோ குளிர் நடுக்கமோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

அப்படியே வியர்வையையும் அளந்துகொள்ளலாம். பயிற்சிக்கு முன் 62.4 கிலோ, ஒரு மணி நேரம் கழித்து 61.5 கிலோ, நடுவில் குடித்தது 400 மி.லி. என்றால் வியர்வை மணிக்கு 1.3 லிட்டர். தராசு உண்மையில் பயன்படும் இடம் இதுதான். உடல் சிறுத்த பெண்கள், கூட ஓடும் ஆண்களைப் பார்த்து அதே அளவு தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து மயக்கமும் வாந்தியும் வரும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை, மேலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது.

எடைப்பயிற்சி, தூக்கம், வயது பற்றி உங்கள் கட்டுரை சொன்னவை சரியே. நாங்கள் கேட்பது, அந்த எடைக் கட்டத்துக்குத் திருத்தம் வெளியிட வேண்டும் என்பதுதான். அதே இடத்தில், அதே அளவில், உயரத்திலிருந்து கழித்து எடை சொல்லும் சூத்திரத்தைப் பின்பற்ற வேண்டாம் என்றும், பெண்கள் போட்டிக்குப் பதிவு செய்யும் முன் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்த்துக்கொள்ளும்படியும், மூன்று மாதம் மாதவிடாய் நின்றவர்கள் பயிற்சியைக் குறைத்து மருத்துவரைப் பார்க்கும்படியும் நான்கு வரி போடுங்கள். இந்தக் கடிதம் முழுவதையும் வெளியிட இடம் இல்லாவிட்டாலும் அந்த நான்கு வரிக்கு இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ட்ரையத்லான் பயிற்சியாளர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு